அயர்லாந்தில் இம்போல்க், சௌவின் பண்டிகைகளை ஒரு ஆன்மிகக் குழுவோடு கொண்டாடப் போகலாமா?

மழைமல்லி:

வணக்கம். அயர்லாந்திலோ ஸ்காட்லாந்திலோ கொஞ்ச காலமாக இருக்கிறவர்கள் யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும். நாங்கள் கில்டேர் கவுண்டியில் இருக்கிறோம். நான் நர்ஸ், கணவர் ஐடி, மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜனவரி கடைசி வந்தால் அவள் பள்ளியில் பிள்ளைகள் எல்லாரும் கோரையில் பிரிஜிட் சிலுவை முடைந்து வீட்டுக்குக் கொண்டு வருவார்கள், எங்கள் வாசல் நிலைக்கு மேலேயும் ஒன்று மாட்டியிருக்கிறது. 2023-லிருந்து பிரிஜிட் நாளுக்கு அரசு விடுமுறையும் வந்துவிட்டதால் பண்டிகையின் பெயர் மட்டும் நன்றாகப் பழகிவிட்டது, அதற்கு மேல் எதுவும் தெரியாது.

பக்கத்து வீட்டு அம்மா ஓய்வுபெற்ற டீச்சர், தங்கமானவர், நாங்கள் இங்கே வந்த புதிதில் எவ்வளவோ உதவியிருக்கிறார். அவர் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறார். வருடத்துக்கு எட்டு தடவை யாராவது ஒருவர் தோட்டத்திலோ காட்டோரத்திலோ கூடுவார்களாம். இம்போல்க், பெல்டனா, லூனசா, சௌவின் என்று பழைய கெல்டிக் பண்டிகைகள் நான்கு, அப்புறம் வருடத்தின் நீண்ட பகல், குறுகிய பகல், பகலும் இரவும் சமமாக வரும் இரண்டு நாட்கள். வருகிற இம்போல்க்குக்கு எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். எனக்குப் போக ஆசைதான். இந்த ஊரில் வேலை, வீடு, கடை என்று வருடங்கள் ஓடிவிட்டன, ஊர்க்காரர்களின் நல்லது கெட்டதில் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

கணவருக்குத் தயக்கம். ஆளை மயக்கிக் காசு பிடுங்கும் கூட்டமாக இருந்தால் என்ன செய்வது என்கிறார். எனக்கு வேறு கேள்விகள். இது தனி மதமா? நான் செவ்வாய் வெள்ளி விளக்கேற்றிக் கும்பிடுகிறவள், அங்கே போய் வேறு தெய்வத்தை வணங்கச் சொல்வார்களா? உண்மையிலேயே இவை ஆயிரக்கணக்கான வருடப் பண்டிகைகளா, இல்லை சமீபத்தில் யாராவது உருவாக்கியதா? குழந்தையை அழைத்துப் போகலாமா? அங்கே என்னதான் நடக்கும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மலிங்கர்வாசி:

சகோதரி, நீங்கள் இருக்கிற இடம் எப்பேர்ப்பட்ட இடம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இம்போல்க் என்றால் பிரிஜிட், பிரிஜிட் என்றால் கில்டேர். கத்தோலிக்கர்களுக்கு அவள் புனிதர், பழைய கதைகளில் தெய்வம். அந்த ஊர்க் கதீட்ரல் வளாகத்தில் தீ வீடு என்று ஒரு பழைய கல் அடித்தளம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து வந்த ஜெரால்ட் என்ற பாதிரியார், அங்கே கன்னியாஸ்திரிகள் அணையாமல் ஒரு தீயைக் காத்து வந்ததை எழுதி வைத்திருக்கிறார். 19 பேர் ஆளுக்கு ஓர் இரவு காவல், இருபதாவது இரவு பிரிஜிட்டே வந்து பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவார்களாம். ஆண்கள் யாரும் தீயைச் சுற்றியிருந்த வேலியைத் தாண்டக் கூடாது. அந்தத் தீ எப்போதோ அணைந்து போனது. 1993-ல் பிரிஜிடைன் கன்னியாஸ்திரிகள் கில்டேர் சந்தைச் சதுக்கத்தில் அதை மறுபடி ஏற்றினார்கள். இன்றும் ஊரில் அவர்கள் நடத்தும் சோலஸ் பிரீட் என்ற மையத்தில் எரிந்துகொண்டிருக்கிறது, எந்த மதத்தவரும் போய் அமைதியாக உட்கார்ந்து வரலாம். பக்கத்து வீட்டு அம்மாவின் குழுவுக்குப் போகும் முன் குடும்பத்தோடு ஒருமுறை அங்கே போய் வாருங்கள், உங்கள் கணவரின் பயம் பாதி அங்கேயே போய்விடும். அப்படியே டல்லி பக்கம் நேஷனல் ஸ்டட் குதிரைப் பண்ணை அருகில் பிரிஜிட்டின் புனிதக் கிணறு இருக்கிறது, அதையும் பாருங்கள். மரத்தில் துணிக் கீற்றுகள் கட்டியிருக்கும், வேண்டுதலுக்குக் கட்டுவது.

சிலுவை முடைவது பற்றி. பள்ளியில் பிள்ளைகள் பலசமயம் வண்ணக் குச்சியிலோ காகிதச் சுருளிலோ செய்வார்கள், குழுவில் நிஜக் கோரையில் செய்வார்கள். வயல் ஈரத்தில் அடர்த்தியாக நிற்கும் அந்தக் கோரையைக் கத்தியால் வெட்டுவதில்லை, கையால் பிடுங்க வேண்டும் என்பது வழக்கம். அடித்தண்டு வெளுப்பாக, வழவழவென்று இருக்கும், உள்ளே பஞ்சு போல வெள்ளைச் சோறு. ஒரு தண்டை நேராகப் பிடித்து, இன்னொன்றைப் பாதியாக மடித்து அதன் நடுவில் மாட்டி, கால் சுற்று திருப்பி, அடுத்ததை முந்தைய மடிப்பின் மேல் மாட்டி என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு சதுரம் தானாக வளரும். கட்டைவிரலைச் சதுரத்தின் மேலிருந்து எடுத்தால் எல்லாம் நெகிழ்ந்துவிடும், நான்கு முனையும் கட்டும் வரை பிடி விடக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு பாட்டி உங்கள் கைமேல் கை வைத்துச் சொல்லித்தருவார். புத்தகம் படிப்பதை விட அந்த ஒரு மணி நேரத்தில் இந்தப் பண்டிகை நன்றாகப் புரியும்.

பிரத் பிரீட் என்று இன்னொரு வழக்கம். ஜனவரி 31 இரவு ஒரு துணித்துண்டை வெளியே புதர் மேலோ ஜன்னல் ஓரத்திலோ போட்டு வைப்பார்கள். அன்றிரவு பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது தொட்டு ஆசீர்வதிப்பாள், அந்தத் துணியைத் தலைவலி, காய்ச்சல், பிரசவ வலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிக்கை. கத்தோலிக்கப் பாட்டிகளும் செய்வார்கள், கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டைப் பின்பற்றும் பேகன் குழுக்களும் செய்வார்கள். உங்கள் மகளை ஒரு கைக்குட்டை போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் வெஸ்ட்மீத்தில் உஷ்னாக் குன்று இருக்கிறது, பெல்டனாவுக்கு அதுதான் இடம். மே மாதத் தொடக்கத்தில் பெரிய தீ மூட்டுவார்கள், 2017-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் வந்து ஏற்றினார். தனியார் பண்ணை நிலம், டிக்கெட் உண்டு, முன்பே வாங்கிவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி:

பழையதா புதிதா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இதில் இணையத்தில் குழப்பம் அதிகம்.

நான்கு பண்டிகைகள் பழையவை. இம்போல்க், பெல்டனா, லூனசா, சௌவின் நான்கும் அயர்லாந்தின் மத்திய கால இலக்கியத்தில் பெயரோடு வருகின்றன. ஐரிஷ் மொழியில் மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களுக்கு இன்றும் பெல்டனா, லூனசா, சௌவின் என்றுதான் பெயர். ஏறத்தாழ கி.பி. 900 அளவில் தொகுக்கப்பட்ட கார்மக்கின் சொல்லகராதி, பெல்டனா அன்று ட்ரூயிட்கள் என்ற பழைய கெல்டிக் பூசாரிகள் இரண்டு தீ மூட்டி, நோய் வராமலிருக்க மாடுகளை நடுவே ஓட்டியதைச் சொல்கிறது. பிரிஜிட் கவிஞர்கள் வணங்கிய தெய்வம், வைத்தியத்துக்கு ஒரு பிரிஜிட், உலோக வேலைக்கு ஒரு பிரிஜிட் என்று அதே பெயரில் இரண்டு சகோதரிகள் என்பதும் அதில்தான் இருக்கிறது. ஆடு குட்டி போட்டுப் பால் சுரக்கும் நாள், மாடு மேய்ச்சலுக்குப் போகும் நாள், அறுப்பு தொடங்கும் நாள், மாட்டைக் கொட்டிலுக்குத் திருப்பும் நாள், இவைதான் அந்த நான்கும். கால்நடை வளர்த்தவர்களின் நாட்காட்டி. நாள் என்பது முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடும், அதனால்தான் அக்டோபர் 31 இரவும் ஏப்ரல் 30 இரவும் முக்கியம். கெல்டிக் இனத்தவரான கால் (Gaul) மக்கள் இரவைக் கொண்டு நாளைக் கணக்கிட்டதாக ஜூலியஸ் சீசரே எழுதியிருக்கிறார்.

எட்டு என்ற கணக்கு புதிது. நான்கு பூ ஒரு தோட்டத்தில் பறித்தது, நான்கு பூ வேறு தோட்டம், ஒரே மாலையாகத் தொடுத்தது 1950-களில். இங்கிலாந்தில் விக்கா என்ற நவீன பேகன் மரபைத் தொடங்கிய ஜெரால்ட் கார்ட்னரும், பின்னால் 1964-ல் பார்டுகள், ஓவேட்டுகள், ட்ரூயிட்கள் சங்கத்தை நிறுவிய ராஸ் நிக்கல்ஸும் நண்பர்கள், அந்த வட்டாரத்தில்தான் எட்டுப் பண்டிகை ஆண்டுச் சக்கரம் உருவானது. செப்டம்பர் சமநாளுக்கு மேபன் என்று குழுக்களில் சொல்வார்கள், அந்தப் பெயரை 1970-களில் அமெரிக்காவில் எய்டன் கெல்லி என்பவர் வைத்தார். ட்ரூயிட் சடங்கு என்று இன்று நடக்கும் பலவற்றுக்கு மூலம் 1792-ல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் வேல்ஸ் கவிஞர் அயோலோ மார்கன்வக் நடத்திய கூட்டம், அதில் பெரும்பகுதி அவர் கற்பனை. பழைய ட்ரூயிட்கள் தங்கள் வித்தையை எழுதி வைக்கவில்லை, அவர்களுடைய ஒரு பிரார்த்தனை கூட நம் கைக்கு வரவில்லை.

நியூகிரேஞ்ச் என்ற பழைய கல்லறை மேட்டைக் கெல்டிக் கோயில் என்பார்கள். அது கி.மு. 3200 வாக்கில் கட்டியது, கெல்டிக் மொழி இந்தத் தீவுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு. டிசம்பரில் குறுகிய பகலின் காலையில், வாசலுக்கு மேலுள்ள துளை வழியாகச் சூரியன் நுழைந்து சுமார் 17 நிமிடம் உள்ளறையில் நிற்கும். அதை நம் காலத்தில் முதலில் பார்த்து உறுதி செய்தவர் தொல்லியலாளர் ஓ'கெல்லி, 1967-ல். தாரா குன்றில் பிணைக்கைதிகள் மேடு என்று ஒரு கல்லறை மேடு இருக்கிறது, சௌவின், இம்போல்க் சமயத்துக் காலைச் சூரியன் அதற்குள் விழுகிறது. அதுவும் புதிய கற்காலத்தது. கட்டியவர்கள் அந்த நாட்களை என்ன பெயரில் அழைத்தார்களோ.

ஆகவே அந்த அம்மாவின் குழுவில் யாராவது "எங்கள் குருபரம்பரை அறுபடாமல் ட்ரூயிட் காலத்திலிருந்து வருகிறது" என்றால் நம்ப வேண்டாம். "பழைய நாட்களை எங்கள் வழியில் கொண்டாடுகிறோம்" என்றால் தாராளமாகப் போகலாம், எனக்குத் தெரிந்த நல்ல குழுக்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. எழுபது வருடமாக மனிதர்கள் மனதார நடத்தி வரும் வழிபாட்டை வயதைக் காட்டித் தள்ள எனக்கு மனம் வராது.

ஆலமரத்தடி:

நான் விக்லோவில் இப்படி ஒரு குழுவில் உறுப்பினராக இருக்கிறேன், குரோவ் என்று சொல்வோம். அதனால் உள்ளே என்ன நடக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன் மல்லி. குழுவுக்குக் குழு மாறும், ஆனால் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லாரும் வட்டமாக நிற்போம். ஒருவர் நான்கு திசைக்கும் திரும்பி அங்கே அமைதி நிலவட்டும் என்று சொல்வார். அது இல்லாமல் எந்தச் சடங்கும் தொடங்காது. பிறகு திசைக்கு ஒருவராக நின்று காற்று, நெருப்பு, நீர், மண் என்று அழைப்பார்கள். அந்தந்தப் பண்டிகைக்கான பகுதி நடுவில் வரும். இம்போல்க்குக்கு மெழுகுவர்த்திகள், பால், ஸ்னோடிராப் பூக்கள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போகும் சுடர். அப்புறம் ரொட்டியும் தேன்மதுவும் வட்டத்தில் சுற்றி வரும், கொடுப்பவர் "உனக்குப் பசி வராதிருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுப்பார். மது வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாறு எப்போதும் இருக்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். குடிக்கும் முன் கொஞ்சம் மண்ணில் ஊற்றுவோம். கடைசியில் ஐஸ்டெட்வாட், அதாவது பாட்டு, கவிதை, கதை, யாருக்கு என்ன வருமோ அது. பிறகு சாப்பாடு. ஆளுக்கு ஒன்று சமைத்துக்கொண்டு வருவோம்.

தெய்வத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வட்டத்தில் ஞாயிறு தவறாமல் மாஸுக்குப் போகிற ஒருவர் இருக்கிறார், பிரிஜிட்டைப் புனிதர் என்றே கும்பிடுகிறார். அவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அவள் தெய்வம். கடவுளே இல்லை, ஆனால் இந்த ஆற்றங்கரை எனக்குப் புனிதம் என்று சொல்கிறவரும் உண்டு. உங்கள் விளக்கையும் உங்கள் சாமியையும் யாரும் தொட மாட்டார்கள். ஒரு வரி சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், போதும்.

முடிந்தால் சௌவினுக்கும் போங்கள். எனக்கு வருடத்தில் அதுதான் பெரிய நாள். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஜாம் பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தி வைத்துத்தான் ஒருவர் முகம் ஒருவர் பார்ப்போம். ஆப்பிளைக் காம்புக்குக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும், அந்தத் துண்டுகள் கைமாறும். பிறகு ஒவ்வொருவரும் இறந்துபோன தன் மனிதர்களின் பெயரை உரக்கச் சொல்வார்கள். ஒரே வருடத்தில் கணவரையும் தம்பியையும் இழந்த பெண்மணி ஒருவர் இருவர் பெயரையும் சொன்னார், யாரும் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, வட்டத்தில் இருந்த எல்லாரும் அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொன்னோம். நான் என் அப்பத்தாவின் பெயரைச் சொன்னேன், அதையும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள், உச்சரிப்பு கொஞ்சம் தடுக்கியது. திருவாடானைப் பக்கம் கிராமத்தை விட்டு வெளியே போகாத மனுஷி. அவள் பெயர் ஒரு விக்லோ காட்டுக்குள் இருபது குரலில் கேட்டது. எனக்கு இந்த நாடு ஊராக மாறியது அன்றைக்குத்தான்.

உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் உண்டு, எல்லாக் கூட்டமும் நல்ல கூட்டமில்லை. தேநீர்ச் செலவுக்கும் இட வாடகைக்கும் ஒரு டப்பா வைப்பது சாதாரணம். நிலை உயர்த்துகிறேன், தீட்சை தருகிறேன் என்று நூற்றுக்கணக்கில் யூரோ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கே நடப்பதை வீட்டில் சொல்லக் கூடாது என்றாலும், ஒரே ஆள் பேச மற்றவர் எல்லாம் தலையாட்டினாலும், மருந்து சாப்பிட வேண்டாம் என்றாலும் அப்படியே. நீங்கள் நர்ஸ், கடைசியாகச் சொன்னது உங்கள் காதில் தானாகவே விழும். ஒரு தடவை வராவிட்டால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் குழுவில் இரண்டு வருடம் காணாமல் போய் திரும்பி வந்தவருக்கு ரொட்டிதான் முதலில் நீட்டினார்கள்.

குழந்தையைத் தாராளமாக அழைத்துப் போங்கள். பால் பாத்திரத்தைத் தூக்கும் வேலையை அவளிடம் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தென்பொதிகை:

எனக்கு மாற்றுக் கருத்து. நம் பண்டிகைகளே வெளிநாட்டில் பிள்ளைகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பொங்கல் வார நாளில் வந்தால் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறோம், கார்த்திகை வருவதே தெரிவதில்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தை இன்னொருவர் பண்டிகைக்குக் கொடுத்தால் நம்முடையது என்ன ஆகும்? போகக் கூடாது என்று சொல்லவில்லை. முதலில் வீட்டில் நடப்பது நடக்கட்டும்.

மலிங்கர்வாசி:

தென்பொதிகை அண்ணா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் என் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. பெல்டனாவுக்கு முந்தைய மாலை இங்கே கிராமத்தில் பிள்ளைகள் மஞ்சள் பூ பறித்து வாசல்படியில் போடுவார்கள், முள் மரக்கிளையை நட்டு ரிப்பனும் முட்டை ஓடும் கட்டி அலங்கரிப்பார்கள். என் பையன் அதில் கலந்துகொண்ட பிறகுதான் நம் வாசலில் எப்போது என்ன செய்வோம் என்று ஆச்சியிடம் போனில் கேட்க ஆரம்பித்தான். காப்பு கட்டுவதைப் பற்றி நான் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்காதவன் அவன்.

கால்டன்குன்று:

எடின்பரோவிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் அயர்லாந்து பற்றியே சொல்லிவிட்டீர்கள், இங்கே கால்டன் குன்றில் ஏப்ரல் 30 இரவு நடக்கும் பெல்டேன் (அதே பெல்டனாதான்) தீ விழாவையும் சொல்ல வேண்டும். 1988-ல் ஒரு சின்னக் கூட்டமாகத் தொடங்கியது, இப்போது ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். மே ராணி வெள்ளை உடையில் வருவாள், அவளோடு பச்சை மனிதன், உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய கூட்டம், குன்று முழுக்க முரசு. நடத்துகிறவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் பயிற்சி எடுப்பதைப் பார்க்கலாம். எனக்கு அந்தப் பயிற்சி நாட்கள்தான் பிடித்தவை, அங்கேதான் சமூகம் என்பது தெரியும். விழா இரவில் கூட்டத்தில் பின்னால் நின்றால் முதுகுகள்தான் தெரியும். மல்லி, உங்களுக்கு வந்திருப்பது ஒரு சின்ன வட்டத்துக்கு அழைப்பு, அதை விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன், மன்னியுங்கள். இன்வர்னெஸ்ஸுக்கு வடக்கே மன்லாக்கி என்ற ஊரில் துணி கட்டும் கிணறு ஒன்று இருக்கிறது. நோயாளியின் துணியைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து மரத்தில் கட்டுவார்கள், துணி மக்க மக்க நோய் தீரும் என்பது நம்பிக்கை. இப்போது போனால் நைலான் ரிப்பன், பாலியஸ்டர் சட்டை, ஷூ, முகக்கவசம். இதெல்லாம் எந்தக் காலத்தில் மக்கும்? கட்டிய முடிச்சு கிளையை இறுக்கி மரமே காய்கிறது. தாராவில் இருக்கிற முள் மரத்துக்கும் அதே கதிதான். நீங்கள் டல்லி கிணற்றுக்குப் போனால் பருத்தி நூலோ கம்பளி நூலோ ஒரு இழை எடுத்துத் தளர்வாகக் கட்டுங்கள், கட்டாமல் வந்தாலும் ஒன்றும் குறையில்லை. பழைய கல்லறை மேடுகளுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஐயாயிரம் வருடச் செதுக்கல் மேல் மெழுகும் கரியும் படிந்தால் எடுக்கவே முடியாது. அங்கெல்லாம் சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தாலே பெரிய மரியாதை.

மழைமல்லி:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை கணவரும் மகளுமாக சோலஸ் பிரீட் போய் வந்தோம். தீ சின்னதுதான், ஒரு கிண்ணம் அளவு. கணவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்து "சரி, போகலாம்" என்றார். தென்பொதிகை அண்ணா, பொங்கலைத் தள்ளாமல் அன்றைக்கே காலையில் வைத்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனேன், உங்கள் பேச்சை நினைத்துக்கொண்டேன்.

இன்னும் சில கேள்விகள். அந்த அம்மா ஐஸ்டெட்வாட்டில் நான் ஏதாவது பாட வேண்டும் என்கிறார். தமிழில் பாடலாமா, சாமி பாட்டு பாடலாமா, இல்லை அது அவர்கள் இடத்தில் முறையில்லையா? நாங்கள் அசைவம் சாப்பிட மாட்டோம், சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போவது? இரவு ஷிஃப்ட் முடிந்து நேராகப் போக வேண்டியிருக்கும், உடை ஏதாவது விதி உண்டா?

ஆலமரத்தடி:

தமிழிலேயே பாடுங்கள். எங்கள் வட்டத்தில் ஐரிஷ், போலிஷ், பிரெஞ்சு எல்லாம் கேட்டிருக்கிறோம். பாடும் முன் இது எதைப் பற்றிய பாட்டு என்று இரண்டு வரி சொல்லிவிட்டால் போதும். சாமி பாட்டும் பாடலாம், ஆனால் முந்தைய நாளே அந்த அம்மாவிடம் சொல்லி வையுங்கள், எந்த இடத்தில் வைப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தாலாட்டு, மழைப் பாட்டு மாதிரி ஏதாவது இருந்தால் இன்னும் பொருத்தம், இம்போல்க் ஆட்டுக்குட்டி பிறக்கும் காலம், பால் வரும் காலம். நீளம் வேண்டாம், பிப்ரவரியில் வெளியே நிற்கிற கூட்டம்.

சாப்பாட்டுக்குப் பாற்சோறோ பால் பாயசமோ கொண்டு போங்கள். இம்போல்க்குக்குப் பாலும் வெண்ணெயும்தான் முக்கியம், அதனால் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். முந்திரி போட்டால் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், யாருக்காவது ஒவ்வாமை இருக்கும். மேசையில் மற்றவர்கள் கொண்டு வந்ததில் பிரவுன் பிரெட், வெண்ணெய், உருளைக்கிழங்கும் கோஸும் பிசைந்த கொல்கானன் எல்லாம் பெரும்பாலும் சைவமாக இருக்கும், கொல்கானனில் மட்டும் பேக்கன் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடைக்கு விதி கிடையாது, சிலர் வெள்ளை அங்கி போட்டிருப்பார்கள், பலர் மழைக்கோட்டில் இருப்பார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் எட்டு மணி தாண்டித்தான் வரும், அதனால் காலைச் சடங்கு என்றால் ஷிஃப்ட் முடிந்து போனாலும் நேரம் இருக்கும். யூனிஃபார்ம் மேல் தடித்த கோட்டும், காலில் வெல்லிங்டன் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள், புல் சேறாகத்தான் இருக்கும். மகளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் நடுவில் கிளம்பலாம், வட்டத்தை விட்டு வெளியேறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவர்கள் வழிவிட்டு நின்று பிறகு சேர்ந்துகொள்வார்கள்.